ஹுடாக் என்றே இருக்கட்டும்

ஹாலிவுட், 6 மார்ச் 1938

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எட்டு வருடம் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற உன் மகன் இப்போது கதாநாயகன்! கையெழுத்துப் போடும்போது தயாரிப்பாளர், "ஹுடாக்னா சுரங்கக் கூலி மாதிரி இருக்கு. பேரை மாத்திக்கய்யா," என்றார்.

"சுரங்கத்துல செத்த எங்கப்பா பேரு சார். அது வேணாம்னா நானும் வேணாம்," என்று எழுந்துவிட்டேன்.

கதவருகே போனதும் அவர் சிரித்தார். "கோபத்துலயும் நல்லாத்தான்யா இருக்கே! வந்து உக்காரு."

நம் ஊர்க் கொட்டகைச் சுவரொட்டியில் அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் பார்ப்பாய்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. இங்கே குளிரே இல்லை. ஆனாலும் நீ பின்னியது வேண்டும். கார் வந்துவிட்டது, அம்மா.

உன்
ஸ்டீவ்