ஓட்டில்லாத தெரு

முருகன் துணை

நெய்வேலி
ஆவணி 20

அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வில்லுடையான்பட்டு முருகன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் சுகம் என்று எழுது. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடு என்பார், அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

வளைகாப்பு முடித்து உன்னை இங்கே அழைத்து வருவதாக உன் மாமியாரிடம் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஐப்பசியில் பிரசவம், கொட்டுகிற மழைக்காலம், இந்தத் தெருவுக்கு உன்னை எப்படிக் கூட்டி வருவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஊராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் இத்தனை நாள் கிடப்பில் கிடந்த வேலையெல்லாம் எழுந்து ஓடுகிறது, பஸ் நிற்கும் இடத்தில் நிழற்குடை, கோயில் முனையில் உயரமான விளக்குக் கம்பம், எல்லாம் கண்ணில் படுகிற வேலை. பக்கத்துத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டு இரண்டு பக்கமும் வாய்க்காலும் கட்டிவிட்டார்கள். நல்லதுதான், அங்கே இருக்கும் மலர்கொடியின் பிள்ளைகள் சேறு மிதிக்காமல் பள்ளிக்கூடம் போகட்டும். ஆனால் அந்த வாய்க்காலைக் கொண்டுவந்து நம் தெரு முனையில் அப்படியே நிறுத்திவிட்டார்கள், அவர்கள் வீட்டுத் தண்ணீரெல்லாம் நம் வாசலில் வந்து தேங்குகிறது. போன வாரம் பெய்த ஒரு மழைக்கே முட்டளவு நின்றது. எதிர்வீட்டு மாடசாமி அண்ணாச்சியின் மனைவி கமலா அதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் முனையைத் தாண்டி வர மாட்டேன் என்றுவிட்டது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள், அப்பாவும் ஒரு பக்கம் பிடித்தார். அதைப் பார்த்தபோது எனக்குக் கமலா தெரியவில்லை, நீதான் தெரிந்தாய்.

மறுநாள் துரைராஜ் வீட்டுக்குப் போனேன். போன முறை வார்டு மெம்பராக இருந்தவர், மறுபடியும் நிற்கப்போகிறவர், பதவி முடிந்தாலும் எந்தத் தெருவுக்கு வேலை என்று இன்றும் அவர் வாயைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். வீட்டுவரி ஒரு வருஷம்கூட நாங்கள் தவறவிட்டதில்லை என்றேன். நாற்காலி போட்டு மோர் கொடுத்து மரியாதையாகத்தான் சொன்னார், “கோச்சிக்காதீங்கம்மா. அந்தத் தெருவுல நூத்துக்கு மேல ஓட்டு இருக்குது. உங்க தெருவுல மாடி வூடு பதினாறு இருக்குது, ஓட்டு மூணு. நான் எதக் காட்டி ஃபண்டு கேக்கறது?”

எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தெருவில் எல்லாரும் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள், பாதிப் பேர் ஓட்டு கம்பெனி டவுன்ஷிப்பில் பழைய குவார்ட்டர்ஸ் விலாசத்தில் கிடக்கிறது, மீதிப் பேருக்குச் சொந்த ஊரில். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் குழாய் ஒழுகினால் ஒரு போன், ஆள் வந்துவிடுவான், ஓட்டைக் காட்டி எவரிடமும் எதுவும் கேட்டதில்லை, அதே நினைப்பில் இங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டோம். மலர்கொடியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அவள் சிரிக்கிறாள், நாங்க வரிசையில நின்னு ஓட்டுப் போட்டு வாங்கினோம்க்கா, நீங்க டவுன்ஷிப்ல போயி கேளுங்க என்கிறாள். அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஆனால் தண்ணீர் ஓட்டைப் பார்த்தா ஓடுகிறது? பள்ளம் எங்கே என்று பார்க்காமல் ஓட்டு எங்கே என்று பார்த்து வாய்க்கால் கட்டினால், நம் தெரு நிரம்பி அவர்கள் தெருவுக்கே திரும்பும், அடுத்த தேர்தலுக்கு அதையே இடித்துக் கட்டுவார்கள். வீட்டுச் செலவை நான் இப்படிச் செய்திருந்தால் பத்தாம் தேதிக்கு மேல் அடுப்பு எரிந்திருக்காது.

ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். போன வருஷம் ஓட்டுப் பட்டியலைத் திருத்த வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோதே ஊரில் சித்தப்பாவை விட்டு எங்கள் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடச் சொன்ன மனுஷர். “எங்கய்யா பேரு இருந்த ஊர்லதான் எம் பேரும் இருக்கும், செத்தாலும் அங்கனதான்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்த ஊரில் நமக்கு ஒரு கூரைகூட இல்லை, கோயில் கொடைக்கு இரண்டு நாள் போய் வருகிறோம், அவ்வளவுதான். வாய்க்கால் கேட்டு அவர் ஊராட்சிக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த மனுவுக்குத் தேர்தல் முடியட்டும் என்று பதில் வந்திருக்கிறது. நான் அவரைக் கேட்காமல், ஓட்டுப் பட்டியல் வேலையும் பார்க்கிற அங்கன்வாடி சத்யாவிடம் போய் என் பெயரை மட்டும் மாற்றப் படிவம் கொடுத்துவிட்டேன், வரிவரியாகப் படித்து நானேதான் நிரப்பினேன். சத்யா வாங்கிக்கொண்டு, இந்தத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தாகிவிட்டது, அடுத்ததில்தான் உங்கள் பெயர் வரும் என்றாள். ஐப்பசி மழை அடுத்த பட்டியல் வரை காத்திருக்குமா?

அதனால் நீ வர வேண்டாம் கண்ணு. தலைப்பிரசவத்துக்கு வராதே என்று எந்தத் தாயும் எழுத மாட்டாள், எழுத வைத்துவிட்டார்கள். புரட்டாசி பிறந்ததும் நானே புறப்பட்டு வருகிறேன், லேகியச் சாமான் எல்லாம் இங்கேயே வாங்கி வருகிறேன். உன் மாமியார் இரண்டு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்கிறேன், உன்னை நாற்காலியில் தூக்கிப் போவதை என்னால் பார்க்க முடியாது. அப்பாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அவரும் மாடசாமி அண்ணாச்சியும் சேர்ந்து பொங்கிச் சாப்பிடட்டும், இரண்டு பேர் ஓட்டும் சொந்த ஊர்ப் பக்கம் ஒரே தாலுகாவில்தானே இருக்கிறது.

விபூதி மடித்து வைத்திருக்கிறேன், வயிற்றில் தடவிக்கொள். முருகன் உன்னையும் பிள்ளையையும் கைவிட மாட்டான், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே. இன்னொன்று, வாடகை வீடானாலும் பரவாயில்லை, உன் பெயரை அங்கேயே ஓட்டுப் பட்டியலில் சேர்த்துவிடு. குழந்தை நடக்கப்போவது அந்தத் தெருவில். அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், நீ திரும்பி வர மாட்டாய் என்று நினைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா
இ. புஷ்பவல்லி