முன்னறையில் வெளுத்த இறால்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இடது கண் இன்னும் திறக்கவில்லை, அதனால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே முழு நலமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும்.

போன செவ்வாய்க்கிழமை உன் புருஷன் வந்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தபோது நீ கண்ணாடித் தொட்டியில் வளர்த்து விட்டுப்போன சிவப்பு இறால்கள் கவனிப்பாரில்லாமல் வெளுத்துக் கிடந்தன, அதைப் பார்த்துத்தான் உன்னிடமிருந்து தகவல் இல்லை என்று நான் சொன்னதை நம்பினான். அதற்குப் பிறகு, வெள்ளைக் கல்லில் இருந்தால் அதுகள் நிறம் வெளுத்துவிடும் என்று நீ கடிதத்தில் எழுதியபடி வெள்ளைக் கல்லை எடுத்துவிட்டுக் கறுப்பு மண் போட்டேன், ஒரு நாள் பிடித்துவைத்த தண்ணீர், வாரம் இரண்டு தடவை வேகவைத்த கீரை, அதுகளும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து திரிந்தன. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பெருமையாகத் தொட்டியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவன் குனிந்து பார்த்தான். உங்களுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியும் அத்தை, இதெல்லாம் தெரியாதே, அவதான் எழுதியிருக்கா, அட்ரஸ் குடுங்க என்றான்.

தெரியாது என்றேன். தையல் மிஷின் ஸ்டூலைத் தூக்கி ஒரே போடு, தொட்டி சில்லுச்சில்லாகப் போனது. என் தலைமுடியைப் பிடித்து இழுத்து அந்தக் கண்ணாடித் துண்டுகள்மேல் முழங்காலிட வைத்தான், முகத்தில் குத்தினான், ஒவ்வொரு குத்துக்கும் அட்ரஸ் அட்ரஸ் என்றான். நடுவில் தரையில் துள்ளிய இறால்களைத் தேடித் தேடி மிதித்தான். நீ நாலு வருஷம் என்னிடம் மறைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது கண்ணு. ஆனாலும் விலாசத்தைச் சொல்லவில்லை. கீழே விரிப்பில் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி சூடாகவே இருந்தது, எட்டி எடுத்து அவன் கைமேல் வைத்து அழுத்தினேன், தோல் வெந்த வாடை வந்தும் எடுக்கவில்லை. அலறிக்கொண்டு ஓடினான். பாவம் என்று இன்றுவரை தோன்றவில்லை.

மாடி வீட்டு நர்ஸ் முழங்காலில் பதினோரு தையல் போட்டாள், தையல்காரிக்கே தையலா என்று சிரிக்க வைத்தாள். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அவன் மறுபடி வருவான். உன் கடிதங்களை எரித்துவிட்டேன், இனிமேல் அந்த நர்ஸின் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுது.

பதினாறு இறால் பிழைத்தன, பயத்தில் எல்லாமே வெளிறிப்போய். இரண்டு தொட்டி வாங்கினேன். முன்னறைத் தொட்டியில் வெள்ளைக் கல் போட்டு நாலை விட்டிருக்கிறேன், அதுகள் வெளுத்தே கிடக்கட்டும். அவன் வந்தால், எனக்கு எழுதுவதையே அவள் விட்டுவிட்டாள், நீயே பார் என்று காட்டுவேன். மற்ற பன்னிரண்டும் உள்ளறையில், துணி மூட்டைக்குப் பின்னால், கறுப்பு மண்ணில். நேற்று ஒன்றுக்கு முதுகில் சிவப்பு திரும்பியிருக்கிறது.

நீ நன்றாக இருப்பாய். கதவைத் தாழிட்டுப் படு. அம்மாவைப் பார்க்கிறேன் என்று கிளம்பி வந்துவிடாதே, வந்தால் நான் வாங்கிய அடியெல்லாம் வீண்.

இப்படிக்கு,
உன் விலாசம் தெரியாத அம்மா