வளைகாப்புக்குக் கேட்ட புளிசாதம்

தை 12, சனி

பனி. களத்தில் நெல் காயவில்லை. புளி ஊறப் போட்டாயிற்று.

ரேவதி வந்தாள். பதினொன்றாவது படிக்கிற பிள்ளை. தனியாக இருக்கிற வயசானவங்க வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு பிள்ளையை அனுப்புகிறது பள்ளிக்கூடம். எனக்கு இவள். முதல் வாரம், "நான் என்ன பண்ணணும் பெரியம்மா?" என்றாள். "பேசு" என்றேன். இன்னும் நிறுத்தவில்லை.

நாளை அவள் அக்காவுக்கு வளைகாப்பு. புளிசாதம் என் கையால்தான் வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர் போன பிறகு நல்ல காரியத்துக்கு என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

வாங்க: நல்லெண்ணெய், வேர்க்கடலை, பெருங்காயம்.

தை 13, ஞாயிறு

சாதம் கிளறும்போது போன். சிங்கப்பூரிலிருந்து தம்பி மகன். "அத்தை, அப்பா போயிட்டாரு. தூக்கத்துலயே. இங்கயே எரிச்சிடுறோம்."

கூடப் பிறந்தது அவன் ஒருத்தன்தான்.

சாவுச் சேதி கேட்டால் உடனே தலை முழுக வேண்டும். அடுப்பில் இருப்பதைக் கொட்ட வேண்டும். நான் திரும்பப் போய்க் கரண்டியை எடுத்தேன். சொன்னால் சாதம் வேண்டாம் என்பார்கள். தம்பி செத்த நிமிஷத்தில் எனக்கு அந்த நினைப்பு.

சாதம் வாங்கிப் போக வந்து கொல்லையில் இலை நறுக்கிக்கொண்டிருந்த ரேவதியைக் கூப்பிட்டுத் தூக்குவாளியைக் கொடுத்தேன். "சரி பெரியம்மா" என்றாள். வேறு பேச்சில்லை. அவசரம் போல.

தை 16, புதன்

காலையிலிருந்து அறுப்பு மெஷின் சத்தம். சோறு இறங்கவில்லை.

கடையில் ஒருத்தி: "ரேவதியோட அக்காவ ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போயிருக்காங்களாம். ஏழு மாசந்தானே?"

உப்பு வாங்காமல் வந்துவிட்டேன். தீட்டுச் சோறு. என் கையால். தம்பிக்கு அழ வேண்டியவள் அந்த வயிற்றுக்காக அழுகிறேன். இன்னும் தலைக்கு ஊற்றவில்லை. ஊற்றினால் பக்கத்து வீட்டில் ஏன் என்பார்கள்.

தை 19, சனி

வெயில். ரேவதி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள்.

"அக்கா?"

"வீட்டுக்கு வந்தாச்சு. சும்மா சூட்டு வலியாம். இப்ப மாங்கா கேட்டு உசுர வாங்குறா."

சொல்லிவிட்டேன். போன் வந்தது, மறைத்தது, எல்லாம்.

"தெரியும் பெரியம்மா. உங்க போன்ல பேசுறவங்க சத்தம் கொல்லை வரைக்கும் கேக்குமே."

"அப்ப சாதம்?"

"வழியில என்கூடப் படிக்கிறதுங்க மூணு நின்னுச்சு. வாய்க்கா கரையில வச்சுத் தின்னுட்டோம். அங்கயே முழுகிட்டுப் போனேன். வாளி கவுந்துடுச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன். எல்லார் முன்னாடியும் முதுகுல ரெண்டு."

"என்னைய ஏண்டி கேக்கல?"

"நீங்க அழாம கிளறிக்கிட்டே இருந்தீங்க. எப்படிக் கேக்குறது?"

அடி வாங்கியது அவள்.

என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் முழுகலையா!" கொல்லை அடிபம்புக்கு இழுத்துப்போய்க் குழாயடியில் உட்கார வைத்தாள். தண்ணீர் தலையில் விழுந்தபோதுதான் தம்பி பேர் வாயில் வந்தது. சத்தமாக. பக்கத்து வீட்டில் பெருக்குகிற சத்தம் நின்றது.

ரேவதி நிறுத்தவில்லை. பம்பை அடித்துக்கொண்டே இருந்தாள்.