ஆடியில் வாங்காத கணினி

ஜூலை 19, சனி

வெக்கை. டோர்செட் பார்க் அடுக்குமாடியில் பதினோராம் மாடி, இருந்தும் காற்றில்லை.

கேம் விளையாட ஒரு கணினி. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டப் போகிறேன். ஜெரோமின் யோசனை. இங்கிருந்து வேலை மாறிக் கல்கரிக்குப் போன சிநேகிதன். "நீரும் ஒண்டு பூட்டினீரெண்டால் எங்கடை ஆக்களோடை சேர்ந்து விளையாடலாம்" என்றான். எங்கடை ஆக்கள் என்றால் அவனுடைய புதுச் சிநேகிதர் நாலு பேர்.

இன்று பேசியது பிராசசர் பற்றி. ஒரு மணித்தியாலம். அதில் பிராசசர் கொஞ்சம்தான். நானும் அவனும் மட்டும்.

ஜூலை 23, புதன்

பல் வைத்தியர். பால், முட்டை, அம்மாவுக்கு முருங்கைக்காய்.

கிராபிக்ஸ் காட், நடுத்தர விலையில் இரண்டு. "எதெண்டாலும் காணும், மலிவானதை எடும்" என்றான். பிறகும் மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் பதில் எனக்குத் தெரியும்.

ஜூலை 29, செவ்வாய்

அம்மா: "ஆடியிலை புதுச் சாமான் ஒண்டும் வாங்காதை பிள்ளை. ஆவணி பிறக்கட்டும்."

எனக்கு இதில் துளி நம்பிக்கை இல்லை. போன ஆடியில்தான் போன் வாங்கினேன். ஆனாலும் ஜெ.க்கு அப்படியே சொன்னேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், நம்பிவிட்டான்.

"கொம்பியூட்டருக்கும் ஆடியோ?"

"ஓம், எல்லாத்துக்கும்."

ஆவணி வரை பேசலாம்.

ஆகஸ்ட் 9, சனி

மழை. எல்லாப் பாகங்களின் பெயரையும் ஒரேயடியாக அனுப்பிவிட்டான். எனக்கு உதவியாம். கேட்க ஒன்றும் மிச்சமில்லை. எரிச்சல். பிறகு அழுகை.

கணினி எனக்கு எதற்கு? அவன்தான் வேண்டும். இங்கே எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தாயிற்று. கடை. எல்லாம் அவன் சொன்னபடி. நினைவக மட்டை, அந்த றாம் மட்டும் பழைய வகை எடுத்தேன். இந்த மதர்போர்டுக்குப் புதியதுதான் பொருந்தும் என்று இரண்டு தரம் சொல்லியிருந்தான்.

பின்னேரம் வீடியோ கோல். அம்மா கணினிப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

"றாம் இதுக்குள்ளை இறங்குதில்லை ஜெரோம்."

மட்டையைக் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னான். வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"நீர் வேணுமெண்டுதானே பிழையா வாங்கினனீர்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்."

தலையைக் குனிந்துகொண்டான். காது சிவந்திருந்தது.

"இப்ப அவசரப்பட்டு அந்த றாமை மாத்தாதையும்" என்றான்.