இரண்டு பொட்டலம் அதிமதுரம்

அக்கா,

இன்று டவுன்ஹால் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கினேன். கடைக்காரர் எடை போட்டதும் இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொன்னேன். "ஒரே ஊட்டுக்குத்தானுங்க, எதுக்கு ரெண்டு பொட்டலம்?" என்றார். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். காகிதத்தை மீறி வாசனை வந்தது. பஸ் பீளமேடு வந்து சேரும்வரை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் பஜனையில், பாடுமுன் இதில் ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வீர்கள். பள்ளிக்கூடம் போகாத நான் பஜனைப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். என் விரல் எந்த வரியில் தடுக்குகிறதோ, அங்கே ராகத்தை இழுத்து எனக்காகக் காத்திருப்பீர்கள். மற்றவர்கள் அதை உங்கள் ராகக் கற்பனை என்று ரசித்துத் தலையாட்டுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் கிளப்பில் மெல்லிசை. கீபோர்டு, கிதார், தபலா, நீங்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய். உங்கள் வாடகையும் அதில்தான், தபலாக்காரர் மகளின் பள்ளிக்கூடப் பணமும் அதில்தான். என் வீட்டுக்காரர் கணக்கெழுதிய மில்லின் முதலாளி அந்தக் கிளப் கமிட்டியில் இருந்ததால், ஒரு பொங்கல் விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் நீங்கள் தபலாக்காரரிடம் அதிமதுரம் நீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க, கையில வாசிக்கறவருக்கு எதுக்குத் தொண்டை மருந்து?" என்றேன்.

"கூலி கேக்கறதுக்குத் தொண்டை வேணுமில்ல, அம்மணி!" என்றீர்கள்.

"கேட்டா மட்டும் அள்ளிக் குடுத்துப்போடுவாங்களாக்கும்" என்று தபலாக்காரர் சிரித்தார்.

நீங்கள் பாடி முடித்ததும், பக்கத்தில் இருந்த முதலாளியம்மா, "நல்லாப் பாடறாங்களே, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க பஜனையில பாடறவங்கதானுங்க. ஒத்தப் பைசா கையில தொட மாட்டாங்க. சாமிக்குப் பாடறதே போதும்பாங்க."

உங்களைப் புகழ்ந்ததாகத்தான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேருக்கும் சேர்த்து உங்கள் கையில் முந்நூறுதான் வந்தது. "கோயில்ல சும்மா பாடறவங்கதானே, இங்க மட்டும் என்னங்க இத்தனை கறாரு?" என்றாராம் செக்ரட்டரி. அதே மாதம் மெட்ராஸிலிருந்து வந்த குழுவுக்கு ஓட்டல் ரூமும் போட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் நீங்கள் பஜனைக்கு வந்தீர்கள். என் விரல் தடுக்கிய வரியில் அன்றைக்கும் காத்திருந்தீர்கள். எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு கலைந்த பிறகுதான் சொன்னீர்கள்.

"அம்மணி, அந்த முதலாளியம்மாகிட்ட நீங்க நல்லதுன்னுதான் சொல்லியிருப்பீங்க. ஆனா சாமிக்குக் குடுக்கறது என்னோட இஷ்டம். அதைக் காட்டி எங்க கூலியில எப்புடிங்க கழிக்கலாம்?"

மறுநாளே, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்திருந்த இருநூறு ரூபாயை மஞ்சள் தடவிய கவரில் போட்டு உங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கவரை என் பக்கமே தள்ளினீர்கள்.

"உங்கூட்டுக் காசு எதுக்கு? அந்தம்மாகிட்டப் போயி, 'நான் சொன்னது கோயிலுக்குத்தான், கிளப்புக்கில்லீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு ஆயுத பூஜை, கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ முறை அந்தம்மாவைப் பார்த்தேன். சொல்லவில்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் பங்கம் வரும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறாரே, அது நின்றுவிடுமோ என்றுதான் பயந்தேன். பால் கணக்கை அன்றன்றே எழுதாமல் படுக்கமாட்டேன், ஒரு வேளை விளக்கேற்றத் தவறமாட்டேன். இதை மட்டும் அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிக்கொண்டே போனேன். கிதார்காரர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். நீங்கள் என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. அதன் பிறகு உங்கள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரிக்க என்னால் முடிந்ததில்லை, அக்கா. கவனித்திருப்பீர்கள்.

போன ஆனியில் நீங்கள் கண்ணை மூடி, உங்களை எடுத்த அன்று, தபலாக்காரர் உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் அதே முந்நூறுதானுங்க. அக்கா படுத்ததுலயிருந்து புதுசா ஒரு பொண்ணு பாடுது, அதுக்கும் அதே கதைதான். யாரோ எங்களைப் பத்திச் சொல்லப்போயித்தான் கொறஞ்சுதுங்க. யாருன்னு அக்கா கடைசி வரைக்கும் வாயத் தெறக்கலை. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியை நீட்டி, "சூடா இருக்குதுங்க, மெதுவாக் குடிங்க" என்றேன்.

என் பேரை நீங்கள் அத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறீர்கள். நான் உங்கள் கூலியைக் காப்பாற்றவில்லை.

நாளை சனிக்கிழமை. சாயங்காலம் அவர்கள் கிளப்புக்குக் கிளம்புமுன் ஒரு பொட்டலத்தைத் தபலாக்காரரிடம் கொடுத்து, கூலியைக் குறைத்த அந்த வாய் என்னுடையதுதான் என்று சொல்லப் போகிறேன். அங்கிருந்து நேராக முதலாளியம்மா வீடு. இன்னொரு பொட்டலம் எனக்கு.

தொண்டை வேணுமில்ல, அக்கா.