நீங்க என்று என்னைக் கூப்பிடாதே

என் கண்ணு மகளுக்கு, அப்பா வாயால் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா கையால் எழுதுவது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன், நீயும் குழந்தையும் அங்கே உயிரோடு இருப்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். நலம் என்று ஆரம்பிக்கட்டுமா என்று தையல்காரம்மா கேட்டாள். போனில் நீ ஒரு பக்கம் சொல்லி நான் ஒரு பக்கம் சொல்லி அந்த வார்த்தையை இரண்டு பேருமாக நாசம் பண்ணி வைத்திருக்கிறோம், அது வேண்டாம் என்றேன். எழுத்து கோணலாக இருந்தால் அவளைத் திட்டு, எனக்கு நேரும் கோணலும் ஒன்றுதான். ஆனால் சொல் என்னுடையது, ஒன்றைக்கூட அழகு பண்ணக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உட்கார வைத்திருக்கிறேன்.

பெரிய பாலம் நடுவில் உடைந்து ஆற்றில் விழுந்ததே, அந்த வருஷம். சினிமாக் கொட்டகையின் தகரக் கூரை காற்றில் பறந்து போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியதும், ஊருக்குள் முதல் முதலாக பஸ் வந்ததும், நீ உன் அம்மா வயிற்றில் இருந்ததும் எல்லாம் அந்த ஒரே வருஷம். அந்த வருஷத்தில்தான் என் அக்கா தன் புருஷன் வீட்டை விட்டுப் போனாள். எனக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்று உனக்குத் தெரியும், எங்கேயோ போய்விட்டாள் என்றும் தெரியும், அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் பேசினதில்லை. இப்போது நான் பேசுகிறேன். ஏனென்றால் நீ போவதற்கு ஓர் இடம் இருக்கிறது, அந்த இடம் எப்படி உண்டானது என்று தெரிந்தால்தான் நீ நம்பிப் போவாய். நேரம் இல்லை என்றால் கடைசிப் பக்கத்தை முதலில் படி, வழி அங்கே இருக்கிறது.

முதலில் நம் விஷயம். பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ என்னை வா போ என்றுதான் கூப்பிட்டாய். அப்பா நீ குளிக்கலையா, அப்பா நீ பொய் சொல்ற, அப்பா உனக்கு ஒண்ணுமே தெரியாது என்று கல்யாணத்தன்றைக்குக்கூட எல்லோர் எதிரிலும் என்னை அதட்டினாய், சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாயிலிருந்து போன மாசம் போனில் அப்பா நீங்க சாப்பிட்டீங்களா என்று வந்தது. பக்கத்தில் இருந்த தையல்காரம்மா, பொண்ணுக்கு என்ன மரியாதை வந்திடுச்சு பாருங்க என்றாள். நான் போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் நீங்க. கடைசியில் வச்சிடறேங்க என்றாய். நான் உன் ஆபீசரா? நீ பேசி நிறுத்தும்போதெல்லாம் உன் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது. படிப்பு இல்லாதவனுக்குக் கண் செய்ய வேண்டிய வேலையையும் காது செய்யும் அம்மா. உடனே மாப்பிள்ளை குரல் வந்தது, என்ன மாமா, உங்க பொண்ண ராணி மாதிரி வச்சிருக்கேன் என்று. ராணியை எவனாவது வைத்திருப்பானா, ராணியல்லவா ஊரையே வைத்திருப்பாள் என்று என் வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். நான் கேட்டால் போனை வைத்த பிறகு அதற்கு நீதானே பதில் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம்தான் குழந்தையின் டீச்சர் என்னைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவசரத்துக்கு என்று நீ என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய், நல்ல வேலை செய்தாய். வகுப்பில் டஸ்டர் கீழே விழுந்தால் குழந்தை மேஜைக்கு அடியில் போய்விடுகிறதாம். சத்தம் அடங்கினதும் வெளியே வந்து டீச்சரைப் பார்த்து மன்னிச்சிடுங்க என்கிறதாம். நாலு வயசுப் பிள்ளை. டஸ்டர் விழுந்ததற்கு. இதைக் கேட்டுவிட்டு நான் எங்கே உட்கார்ந்தேன் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது, தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தாள். நீ கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வருகிறாய் என்றும் டீச்சர் சொன்னாள். வீட்டை விட்டு வந்துவிடுங்கள் என்று அவள் சொன்னதற்கு, எங்கப்பாவுக்கு மானம் பெருசு டீச்சர், நான் போய் வாசல்ல நின்னா செத்துடுவாரு என்றாயாம். என் மானத்தை யார் உன்னிடம் கொடுத்து வைத்தது? அது என்னிடமே பத்திரமாக இருக்கிறது, நீ தூக்கிச் சுமக்க வேண்டாம். நீ அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும்தான் நான் செத்துக்கொண்டிருக்கிறேன். என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாய் என்றாள் டீச்சர். இதோ வார்த்தை. கிளம்பு.

நானே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பேன். வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்னை நாற்காலியில் உட்கார வைப்பார், ஃபேனைப் போடுவார், நீ டீ கொண்டு வந்து வைத்துவிட்டு நீங்க நல்லா இருக்கீங்களா என்பாய், நான் திரும்பிப் போன பிறகு கதவு சாத்தப்படும். அதனால்தான் வரவில்லை. இந்த வீட்டுக்கும் நீ வராதே, அவர் முதலில் தேடுகிற இடம் இதுதான். வரட்டும். வீட்டைத் திறந்து காட்டுகிறேன், கட்டிலுக்கு அடியில்கூடப் பார்க்கட்டும்.

இப்போது அக்கா கதை. நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவை நிலையத்தில் வேலை செய்தோம். நான் ஈர மூட்டை தூக்குகிறவன், அவள் உலர்ந்த படுக்கை விரிப்பை மடிக்கிறவள். அவள் புருஷன் பெரிய அதிகாரி ஒருவரின் காரை ஓட்டினார், வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, தெருவே எழுந்து நிற்கும். வெளியே தெரிகிற இடத்தில் அடிக்க மாட்டார். ஏய் என்பதைத் தவிர அக்காவை அவர் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை பிடித்துக்கொண்டு நெருங்கி வர வேண்டும், மூலையோடு மூலை சேர்க்க வேண்டும், விலக வேண்டும், மறுபடி வர வேண்டும். அக்காவுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் நெட்டை. அவருக்கு வேறு பேர் இருந்தது, சம்பளம் வாங்கும்போது மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். வாசற்படியில் தலை இடிக்காமல் அவர் உள்ளே வந்த நாள் கிடையாது.

ஒரு நாள் அக்காவுக்குக் கை தோளுக்கு மேலே எழவில்லை. நெட்டை ஒரு கேள்வி கேட்கவில்லை, முழங்காலை மடித்துக் குனிந்து, தன் பக்கத்து மூலைகளை அவள் இடுப்பு மட்டத்துக்கு இறக்கிக்கொண்டு மடித்தார். அடுத்த நாளும் அப்படியே. அந்தக் கை சரியாகிற வரைக்கும் அந்த உயரத்து மனுஷன் வளைந்தே வேலை செய்தார். பெண்கள் விடுவார்களா, என்ன நெட்டை, கூனு விழுந்திடுச்சா, பொண்ணு பார்க்கப் போனா பொண்ணு ஓடிடுமே என்றார்கள். தரையில ஏதோ விழுந்துடுச்சு, தேடறேன் என்றார். ஒரு மாசமாவா தேடற, அப்படி என்ன வைரமா என்று எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரியம்மா கேட்டாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது, அக்கா முகத்தை விரிப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நீங்க அந்த மூலையைப் பிடிங்க, நீங்க உக்காருங்க, நான் பார்த்துக்கறேன் என்றுதான் அவர் அவளிடம் பேசுவார். பிறந்ததிலிருந்து எவரும் அக்காவை நீங்க என்று சொன்னதில்லை. முதல் தடவை சொன்னபோது யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாளாம், என்னிடம் சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஊர் பின்னால் அவளை நெட்டை இழுத்துக்கொண்டு போனதாகப் பேசியது. அது பொய். போகிறேன் என்று அவளே முடிவு பண்ணினாள். அன்றைக்குக் காலையில் புருஷன் அவள் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருந்தார். வீங்கின விரலோடு நேராக மேஸ்திரியம்மாவிடம் போய், நான் இனிமே அந்த வீட்டுக்குப் போகலை, எங்கே போறதுன்னு மட்டும் தெரியலை என்றாள். மேஸ்திரியம்மாவுக்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாக்கள் தங்குகிற விடுதி தெரியும், அங்கே இடம் சொல்லி வைத்தாள். மத்தியானம் அந்த ஆஸ்பத்திரிக்குச் சுத்தத் துணி போகிற வேனில் மூட்டைகளுக்கு நடுவில் அக்காவை உட்கார வைத்து முன்னால் மூட்டை அடுக்கினோம். அடுக்கி முடிக்கவில்லை, வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது. வெள்ளை உடுப்பு இறங்கி வந்து, எங்கடா உன் அக்கா என்று என்னைக் கேட்டார். மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறாள் என்று வாயில் வந்தது. வா காட்டு என்றார். மாடி முழுக்க ஈர விரிப்பு, வரிசைக்கு வரிசை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனார், முகத்தில் அறைந்தது, தொப்பி விழுந்தது, உடுப்பெல்லாம் நனைந்தது, இந்த வரிசையில இருந்தாளே, அந்தப் பக்கம் போயிருப்பா என்று நான் சுற்ற வைத்துக்கொண்டே இருந்தேன். கீழே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது, ஆனால் அதில் துணிதான் போகிறது என்று நினைத்தார். இறங்கி வந்தபோது மேஸ்திரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னய்யா, போட்டுக்கிட்டேவா துவைச்சே என்றாள்.

அவர் தேடாத இடமில்லை. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, அவர் செத்த பிறகும் பழக்கத்தில் திறக்கவில்லை. நெட்டை வேலையை விட்டுவிட்டு அவளிருந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார், ஆனால் பக்கத்தில்கூடக் குடியேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதி வாசலில் வந்து நின்று எதாவது தேவையா உங்களுக்கு என்று கேட்டுவிட்டுப் போவார். ரொம்ப நாள் கழித்து அக்கா, இன்னும் எவ்வளவு காலம் நீங்க நீங்கன்னு சொல்லப் போறீங்க என்று கேட்டாளாம். நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன் என்றாராம். நிறுத்த வேணாம் என்றாளாம். அவ்வளவுதான் அவர்கள் கல்யாணப் பேச்சு. சாகிற வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. உனக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரன் வந்தபோது உன் அம்மா என்னிடம் மட்டும், பக்கத்து ஊர்ல அவ இருக்கா, ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்றாள். அந்த அவசரம் இப்போது வந்திருக்கிறது.

இப்போது வழியைக் கேள். மாப்பிள்ளைக்குக் காலை ஷிப்ட் வருகிற நாளில் எப்போதும்போலக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போ. பெட்டி கட்டாதே, நகையைத் தேடாதே, குழந்தைக்கு இருமல் மருந்து இருந்தால் அதை மட்டும் பையில் போடு. பொம்மை கேட்டு அழுதால் புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல், நான் வாங்கித் தருகிறேன். பின்பக்க கேட்டை டீச்சர் திறந்து விடுவாள், பஸ் ஸ்டாப் வரை கூட வருவாள். பக்கத்து ஊர் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் இறங்கு. சரக்கு ரயில் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரே தெரு, அதில் ஒரே இஸ்திரிக் கடை, கடைக்குப் பக்கத்தில் நீலக் கதவு. மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு மனுஷி இருப்பதே தெரியாது. இத்தனை வருஷம் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது உனக்கு ஒரு வீடாக ஆகியிருக்கிறது. தையல்காரம்மா போன் போட்டுக் கொடுத்தாள், நான் அக்காவிடம் பேசினேன். வரட்டும் என்றுகூட அவள் சொல்லவில்லை. எப்ப வரா, குழந்தை காரம் சாப்பிடுமா என்று கேட்டாள்.

அவர் மாறிவிடுவார் என்று நினைக்காதே. குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லாதே, குழந்தை மேஜைக்கு அடியில் இருக்கிறது. உன் காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன், போய்விடு அம்மா. தையல்காரம்மா எழுதாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள், எழுதடி என்று அதட்டியிருக்கிறேன். இதைப் படித்ததும், கொண்டு வந்து கொடுத்த டீச்சர் கையிலேயே திரும்பக் கொடுத்துவிடு, வீட்டுக்கு எடுத்துப் போகாதே, இதை மறக்காதே. நீயும் என் பேத்தியும் எவன் காலடிச் சத்தத்துக்கும் காது கொடுக்காமல் தூங்கி எழுந்திருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான், வேறு பெரிசாக எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. கிழவா நான் வந்துட்டேன் என்று சொல், நீங்க என்று மட்டும் சொல்லிவிடாதே.

போகிற வீட்டில் யாரிடமாவது பேச்சு வாங்க வேண்டி வருமோ என்று பயப்படாதே, அன்றைக்கு நடந்தது தெரிந்தவர்கள் யாரும் பாக்கி இல்லை. மேஸ்திரியம்மா போய்விட்டாள். வேன் ஓட்டினவர் போய்விட்டார். வெள்ளை உடுப்பும் போய்விட்டது. உன் அம்மா போய்விட்டாள். நெட்டை போன மழைக்கு முந்தின மழையில் போனார். நான் இருக்கிறேன், ஆனால் என்னை நீ இப்போது கணக்கில் சேர்க்காதே. நீலக் கதவைத் தட்டு, திறக்கிறவளை அத்தை என்று கூப்பிடு. யாரு என்று கேட்டால் என் பேரைச் சொல்லாதே, அந்தப் பேரை யாரும் சொல்லலாம். எங்கள் வீட்டில் அவளைக் கூப்பிட்ட பேரைச் சொல், அது வெளி ஆள் யாருக்கும் தெரியாது. இன்னும் உயிரோடு இருக்கிறது அவள் ஒருத்திதான், எங்கள் வீட்டுப் பொடிசு.

இப்படிக்கு உன் அப்பா,
இடது கைப் பெருவிரல் ரேகை