சக்கரத்துக்கு அடியில் வைத்த கல்

மே 11, செவ்வாய். பெரம்பலூர்

ஆறு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. அக்கினி நட்சத்திரத்தில் கார் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

எடுத்து வைத்தது: இட்லி, புளியோதரை ஒரு தூக்கு, கூஜா இரண்டு, ரேடியேட்டருக்கு ஒரு டின் தண்ணீர், ஜாக்கி, துடைக்கப் பழைய வேட்டி. மறந்தது: டார்ச்.

எதற்கு இந்தக் கூத்து என்று பின்னால் எனக்கே மறந்துபோகும். எழுதி வைக்கிறேன். ஆத்தூர் கோவிந்தராசு வாத்தியார், ரிட்டையரான ஹெட்மாஸ்டர், நம்ம சனம்தான். மாசியில் மகனோடு வந்து என் மகள் வசந்தியைப் பார்த்துவிட்டுப் போனார். பையனுக்குப் பாங்கில் வேலை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, வசந்திக்கும் பிடித்திருக்கிறது. வாத்தியார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தரகர் வந்து காதைக் கடித்தார். அவருக்குப் பழைய கோயில், கோட்டை என்றால் உயிராம். மூன்று நாள் காரில் கூட்டிப் போனால் பேச்சு தானாக வருமாம்.

வசந்திக்கு இருபத்து நாலு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு இடம் வெங்காய மண்டியா என்று கேட்டுவிட்டுப் போனது, போனதுதான். இதுவும் போனால் அவள் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயம்.

டிரைவர் வைக்கவில்லை. பதினேழு வருடம் லாரி ஓட்டியவனுக்குப் பின் சீட்டில் உட்கார வராது. முன்னால் நானும் வாத்தியாரும். பின்னால் என் சம்சாரம் அஞ்சலையும் வாத்தியார் சம்சாரம் இராசம்மாளும்.

முதலில் வாலிகண்டபுரம். என் அப்பா இந்தக் கோபுரத்தை ரோட்டில் நின்று பார்த்ததோடு சரி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உள்ளே போனேன். உள்ளே வௌவால் புழுக்கை. இதற்காகவா நம்மை அத்தனை காலம் வெளியே நிறுத்தினார்கள் என்று இருந்தது. தூணில் எவனோ கரியால் தன் பெயரையும் ஒரு பெண் பெயரையும் எழுதியிருக்கிறான். வாத்தியார் தன் துண்டை நனைத்து அதைத் துடைத்தார். அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு ரஞ்சன்குடிக் கோட்டை. முள், ஆட்டுப் புழுக்கை, உடைந்த பாட்டில். அகழியில் பாசி. நல்ல கல், நல்ல வேலைப்பாடு, எல்லாம் ஒன்றுக்கிருக்க. வாத்தியார் ஒவ்வொரு மதிலுக்கும் ஒரு பாடம் நடத்தினார். காலில் கொப்புளம்.

மத்தியானம் புளிய மர நிழலில் அஞ்சலை தூக்கைத் திறந்தாள். வாத்தியார் சம்சாரம் அவர்கள் கொண்டுவந்த பொட்டலத்தைத் திறந்தார். முடிவு சொல்லும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது. அவர்களுக்கும் அதுதான் வழக்கம், நமக்கும் அதுதான். காப்பி, தண்ணீர் பரவாயில்லை. இருந்தாலும் எதிர் எதிரே உட்கார்ந்து தனித் தனியாகத் தின்றது கேவலமாக இருந்தது.

ராத்திரி அவர்கள் லாட்ஜில். நாங்கள் வீட்டில் மிச்சப் புளியோதரை.

மே 12, புதன். ஜெயங்கொண்டம் லாட்ஜ்

அரியலூர் வழி. சிமெண்டு லாரிப் புழுதி, கண்ணாடியை ஏற்றினால் வேக்காடு, இறக்கினால் தும்மல். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்றார் வாத்தியார். இருக்கலாம். இன்று ரேடியேட்டருக்கு ஒரு டின் தண்ணீர் கேட்டதற்கு நாலு வீட்டில் இல்லை என்றார்கள்.

வழியில் ஒரு பஞ்சர். நானே மாற்றினேன். வாத்தியார் குடை பிடித்தார். எனக்கு இல்லை, அவருக்கு.

போகும்போது நான் எப்படி மேலே வந்தேன் என்று விசாரித்தார். உள்ளதைச் சொன்னேன். கிளீனர், டிரைவர், பிறகு சொந்த லாரி, பிறகு மண்டி. மூட்டையின் வாயில் நல்ல வெங்காயத்தை வைத்து நடுவில் அழுகலைச் சொருகுவது இந்த வியாபாரத்தில் சகஜம். நான் வாங்குகிறவன் முன்னால் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டிவிடுவேன். அழுகல் இருந்தால் அவன் கண்ணிலேயே படட்டும். அப்படித்தான் பெயர் வந்தது. அவருக்கு அது பிடித்துவிட்டது. கடைசி நாள் வீட்டுக்கு வரும் முன் மண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். "தொழில் செய்யிற இடத்தப் பாத்தாத்தான் மண்டிக்காரரே ஆளு தெரியும்."

வந்து பார் என்று நினைத்தேன். அப்போது தைரியம்.

கங்கைகொண்ட சோழபுரம். பெரியதுதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் வெறுங்காலில் அந்தக் கல் தரை, தோசைக்கல். இராசம்மாள் ஓட, அஞ்சலை ஓட, நான் நிழல் தேடி ஓட, வாத்தியார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். ஓட்டல் சாம்பாரில் ஈ. காட்டினேன். சப்ளையர் ஈயை எடுத்துவிட்டு அதே வாளியை அடுத்த மேசைக்குக் கொண்டுபோனான்.

இனி நடந்ததுதான் சங்கதி.

சாயங்காலம் பக்கத்து ஊர் ஒன்றில் குளத்தங்கரையில் காரைக் கழுவ நிறுத்தினேன். ஒரு பெண் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைகல்லில் எழுத்து. வாத்தியார் வேட்டியோடு சேற்றில் இறங்கிவிட்டார். சோப்பு நுரையைக் கையால் வழித்துவிட்டு எழுத்தைத் தடவித் தடவிப் படித்தார். கோயில் கல், சோழர் காலத்து எழுத்து, இதிலேயா அழுக்குத் துணியை அடிப்பது என்று அவளைப் பிடித்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க படிச்சிட்டுப் போயிடுவீங்க சார். எங்க வூட்டுத் துணிய யாரு துவைப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாத்தியார் கரையேறி என்னிடம் சொன்னார். "அந்தப் பொண்ண விடுங்க, அதுக்குத் தெரியாது. இதப் பேத்து எடுத்தாந்தானே ஒருத்தன், அவன் வூட்ல நான் ஒரு நாளும் கை நனைக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மண்டி வாசலில் ஒரு கல் கிடக்கிறது. அதிலும் எழுத்து இருக்கிறது.

சொந்த லாரி வாங்கிய வருடம் ஐப்பசி மழையில் இந்தப் பக்கம் ஏரிக்கரையில் வண்டி புதைந்தது. கரையோரம் கிடந்த கல்லை இரண்டு பேர் உருட்டி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தோம். வண்டி ஏறிவிட்டது. கல்லையும் ஏற்றிக்கொண்டேன். லாரிக்காரனுக்கு மேட்டில் நிறுத்த அணைகல் வேண்டும். பிறகு மண்டி திறந்தபோது வாசல்படி ஆனது. கை ராசியான கல் என்று ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்கு மஞ்சள், குங்குமம். எழுத்துப் பள்ளத்தில் எல்லாம் குங்குமம் அடைந்து சிவப்பாக நிற்கும். தெருவிலிருந்தே படிக்கலாம்.

அஞ்சலையிடம் சொன்னேன். நமக்கு மட்டும் எங்கிருந்துதான் வந்து வாய்க்கிறதோ என்றாள்.

மே 13, வியாழன்

தூக்கம் இல்லை. மூட்டைப்பூச்சி வேறு.

காலையில் வாத்தியார் குளிக்கும் நேரம் தபால் ஆபீசுக்கு நடந்தேன். மண்டிக்கு டிரங்க் கால். முக்கால் மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. கணக்குப்பிள்ளை நடேசன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மெதுவாகச் சொல்லலாம் என்று போனவன், கல்லைக் கவிழ்த்துப் போடு, வாசல் கல்லை, கவிழ்த்து, என்று ஜெயங்கொண்டத்துக்கே கேட்கும்படி கத்தினேன். மணியார்டருக்கு நின்ற கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. என்ன நினைத்தார்களோ.

அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

"கவுத்துட்டேங்க," என்றான். "இப்ப பக்கவாட்டுல எழுத்து தெரியுதுங்க."

மூலைக்கல் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறான் பாவி. காலிச் சாக்கு நாலைப் போட்டு மூடச் சொன்னேன்.

மாளிகைமேடு. ராஜா அரண்மனை இருந்த இடமாம். இப்போது செங்கல் அஸ்திவாரம் தோண்டிய குழிகள், எருக்கஞ்செடி, காலைக்கடன் கழிக்க வந்த ஊர். அரண்மனைச் செங்கல் முழுவதும் தலைமுறை தலைமுறையாக வண்டி வண்டியாகப் போய்விட்டது என்றார் வாத்தியார். சுற்றிலும் பார்த்தேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் அந்த அகலச் செங்கல், அடுப்புக்கு அந்தச் செங்கல். ஒவ்வொருவனும் எடுத்திருக்கிறான். அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. ஊரே அழுகல் என்பதற்காக என் மூட்டை நல்ல மூட்டை ஆகிவிடாது.

அப்போதுதான் பார்த்தேன். குழி ஓரத்தில் வாத்தியார் குனிந்தார். வெளிர்பச்சையாகப் பீங்கான் சில்லு ஒன்று, உள்ளங்கை அகலம். மண்ணைத் துடைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். பஸ்ஸில் பர்ஸ் அடிப்பவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது முகம்.

நான் ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், உடனே விலை பேச வேண்டியதில்லை.

மீன்சுருட்டியில் சோடா. திரும்பும் வழியெல்லாம் அவர் கல்வெட்டின் அருமையைப் பற்றியே பேசினார். இந்த ஆளையா மூன்று நாளாகக் குலுங்காமல் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று வெறுத்துப்போனது. பள்ளத்தில் வேண்டுமென்றே ஒரு தடவை இறக்கினேன். பின்னால் அஞ்சலைக்குத்தான் தலையில் இடித்தது.

மே 14, வெள்ளி. பெரம்பலூர்

காலை பத்து மணி, மண்டி. வாத்தியாரும் இராசம்மாளும் வந்தார்கள். வசந்தி காப்பி பிளாஸ்கோடு வந்து உள்ளே தராசு பக்கம் நின்றாள்.

நடேசன் சாக்கு நாலுக்குப் பதிலாகப் பத்துப் போட்டிருக்கிறான். வாசலில் கோயில் யானை படுத்த மாதிரி ஒரு குவியல். கால் வலிக்கிறது என்று இராசம்மாள் அதன் மேல் உட்காரப் போனார். "அங்க வேணாம்மா," என்று நடேசன் பாய்ந்து வந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். வாத்தியார் சாக்கைப் பார்த்தார். ஓரத்தில் குங்குமம் தெரிந்தது.

அந்தக் கணம் எனக்கு வந்த அருவருப்பு வௌவால் புழுக்கைக்கும் வரவில்லை, சாம்பார் ஈக்கும் வரவில்லை. என் மண்டி. என் பெயர் போட்ட பலகை. அதன் வாசலில் நடுவில் அழுகலைச் சொருகி வாயில் நல்லதை வைத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சாக்கை எல்லாம் நானே இழுத்து எறிந்தேன்.

வாத்தியார் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரலை ஓட்டினார். விளக்கு எரிக்க யாரோ ஆடு விட்ட கணக்காம். ஆடு விட்டவன் பெயர் பாதியில் நிற்கிறது, மீதி அடுத்த கல்லில் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். லாரி, மழை, சேறு, ஆயுத பூஜை, தபால் ஆபீஸ், எல்லாம் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. அவர் எழுந்தார். மூலையில் வைத்த பையை எடுத்துக்கொண்டார். ஆத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று நடேசனைக் கேட்டார்.

வசந்தி பிளாஸ்க்கை மூடினாள். அந்த மூடியை அவள் திருகியதும் திருகிக்கொண்டே இருந்ததும் என் கண்ணைவிட்டுப் போகாது.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "நான் எடுத்தது கல்லு. நாளைக்கே கொண்டுபோய் அந்தச் சோழபுரத்துக் கோயில்ல போட்டுட்டு வரேன். உங்க பையில இருக்கிற பீங்கான் சில்லையும் குடுங்க வாத்தியாரய்யா, சேத்துப் போட்டுடறேன்."

கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வாத்தியார் காது சிவந்துவிட்டது. நடேசன் கணக்கு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சிரித்தது இராசம்மாள். மூன்று நாளாக இந்த அம்மாள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஒரு சில்லுன்னா நெனச்சீங்க? எங்க வூட்டு பீரோவுல துணி வைக்க எடமில்ல. முப்பது வருசமா அம்புட்டும் ஓடும் ஓட்டாஞ்சில்லும்தான்."

நாங்க அதைப் பத்திரமாத்தான் வெச்சிருக்கோம் என்று வாத்தியார் முனகினார். அவரு குங்குமம் வெச்சுல்ல வெச்சிருந்தாரு என்றார் அந்த அம்மாள்.

வாத்தியார் பையைக் கீழே வைத்தார். பஸ் பேச்சை எடுக்கவில்லை. கல்லை நாலு பக்கமும் சுற்றிவந்து, இது காரில் ஏறுமா என்று கேட்டார். டிக்கியில் ஏறும் என்றேன்.

இராத்திரியும் அவர்கள் லாட்ஜில்தான். வீட்டுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஆகையால் இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மே 15, சனி

மறுபடி அதே ரோடு, அதே புழுதி. டிக்கியில் கல், பின்பக்கம் தரையைத் தொடுகிறது. வாத்தியார் மடியில் கைக்குட்டைப் பொட்டலம்.

கோயிலில் காவலாள் கல்லை உள்ளே விட மாட்டேன் என்றான். கல்லைக் கொண்டுபோகிறவனைத்தான் பார்த்திருக்கிறானாம், கொண்டுவருகிறவனைப் பார்த்ததில்லையாம். வாத்தியார் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். அலுத்துப்போய் வழிவிட்டான். மதிலோரம் இப்படிக் கிடக்கிற கல்லோடு கல்லாக இறக்கினோம். நான் ஒரு முனை, வாத்தியார் ஒரு முனை. என் விரல் நசுங்கியது. பிறகு மாளிகைமேட்டில் அந்தச் சில்லு. பீரோவில் உள்ளது அடுத்த மாதம் என்றார். பார்க்கலாம்.

மத்தியானம் குளத்தங்கரை. அந்தத் துவைக்கிற பெண் அங்கேயேதான் இருந்தாள். வாத்தியார் கையைக் காலைக் கழுவிக்கொண்டு கல்லைப் பாராமல் வந்துவிட்டார்.

அஞ்சலை தூக்கைத் திறந்து எனக்கு ஒரு இலை போட்டாள். இராசம்மாள் இன்று பொட்டலம் எதுவும் கொண்டுவரவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். வாத்தியார் இலைக்கட்டிலிருந்து ஒன்றை உருவித் தண்ணீர் தெளித்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டார்.

"புளியோதரை வைங்கம்மா."

அஞ்சலைக்குக் கரண்டி ஓடவில்லை. நான் வாங்கி வைத்தேன்.

உப்பு குறைச்சல் என்றார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.